மின்னலும் நீதியும்

நுவரெலியாவின் பழைய மயானத்தில் மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் என்னும் பிரித்தானியப் படை அதிகாரியின் கல்லறை இருக்கிறது. 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் எனப்படும் அவர், 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். கல்லறையையும் மின்னல் விட்டுவைக்கவில்லையாம். வாயில்லாச் சீவன்களின் பழி என்பர் மக்கள். இக்கதையைக் கேட்டுச் சிறுவயதில் நானும் மகிழ்ந்ததுண்டு.

ஆயின், மலையில் கொழுந்து பறிக்கையில் இடி விழுந்து மகளை இழந்த தகப்பனிடம் இதனை எவ்வாறு கூறுவது? வேட்டைக்காரர்மீது விழுந்தது தண்டனையெனின், அவள்மீது விழுந்ததும் தண்டனையாகிவிடும். அவள் செய்த பாவம் யாது? ரொஜர்ஸ் செய்தது கொடுமையே. அதனை உரைக்க மின்னலின் சாட்சியம் எதற்கு? லயத்து வாசலில் மகளின் கொழுந்துக்கூடையை வைத்துக்கொண்டிருப்பவன் காதில் அக்கதை விழ நான் விடமாட்டேன்.