மக்களாட்சியும் மாற்றார் படையும்

விழுப்புரத்தை அடுத்த கெடாரில் ஒரு நிக்காஹ் மஜ்லிஸில் நாம் அமர்ந்திருந்தோம். மணமகன் வந்துவிட்டார், மஹர் பேசி முடிந்துவிட்டது, விருந்தும் ஆயத்தம். எனினும் வக்கீலும் இரு சாட்சிகளும் உள்வீட்டிற்குச் சென்று மணமகளின் சம்மதத்தைக் கேட்டு வரும்வரை சபை முழுவதும் காத்திருந்தது. அந்த இடைவேளையில் அருகிலிருந்த கல்லூரி மாணவர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "ஹஜ்ரத், கொடுங்கோலாட்சி நடக்கும் நாட்டில் வெளிநாட்டார் படையோடு புகுந்து ஜனநாயகத்தை நிறுவினால் அது நன்மைதானே? அதை ஏன் குறை சொல்கிறார்கள்?"

எளிதில் ஒதுக்கத்தக்க வினா அன்று இது. அநீதி இழைக்கப்படும்போது அண்டை வீட்டார் கைகட்டி நிற்கலாகாது என்றுதான் நாமும் பிள்ளைகளுக்குப் போதிக்கிறோம். ஆகவே ஈராக்கையும் ஆப்கானிஸ்தானையும் பற்றிப் பேசுமுன், நம் நாடே ஈடுபட்ட இரு நிகழ்ச்சிகளை எடை போட்டுப் பார்ப்போம். பிறர் செய்ததைப் பழிப்பது எளிது; நம்மவர் செய்ததை ஆராய்வதன்றோ நேர்மை?

முதலாவது, இலங்கை. 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்துகொண்டனர். வடக்கையும் கிழக்கையும் இணைத்து ஒரே மாகாண சபை அமைப்பது, மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சியைத் தமிழருக்கு அளிப்பது, அமைதிக்கு இந்தியப் படை காவல் நிற்பது என்பன ஏற்பாடுகள். நோக்கத்தில் நன்மை இருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கையெழுத்திட்டோரில் யாழ்ப்பாணத்துத் தமிழரும் இல்லை. கிழக்கிலங்கை முஸ்லிம்களும் இல்லை. இணைப்பு வேண்டுமா வேண்டாமா என்று கிழக்கு மக்களிடம் 1988 இறுதிக்குள் வாக்கெடுப்பு நடத்துவதாக ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். அந்த வாக்கெடுப்பு ஒருபோதும் நடைபெறவில்லை.

1987 அக்டோபரில், காவலுக்குச் சென்ற படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மூண்டது. அந்தப் போருக்கு நடுவிலேயே 1988 நவம்பரில் தேர்தல் நடந்தது. வடக்கின் 36 இடங்களிலும் ஒரு வாக்குக்கூடப் பதிவாகவில்லை. போட்டியின்றியே உறுப்பினர்கள் அறிவிக்கப்பட்டனர். கிழக்கில் மட்டும் மக்கள் வாக்களித்தனர். அங்கே 35 இடங்களில் 17 இடங்களை முஸ்லிம் காங்கிரஸ் பெற்றது. தம்மைக் கேளாமல் தம் எதிர்காலம் எழுதப்பட்டதற்கு அம்மக்கள் தந்த விடையாகவே அதை நாம் கருதுகிறோம்.

வரதராஜப் பெருமாள் முதலமைச்சரானார். ஆனால் அந்த ஆட்சியைத் தாங்கி நின்றது மக்களின் தோள் அன்று, படையின் துப்பாக்கி. 1990 மார்ச்சில் படை கப்பலேறியபோது ஆட்சியும் கூடவே கரைந்தது; முதலமைச்சரும் இந்தியா வந்து சேர்ந்தார். இந்திய வீரர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்திருந்தனர். மாண்ட தமிழ்க் குடிமக்களும் ஏராளம். அதே 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றோர் கொல்லப்பட்டனர். அக்டோபரில் வடக்கின் முஸ்லிம்களைப் புலிகள் விரட்டியடித்தனர். வடகிழக்கு இணைப்பும் செல்லாது என 2006-இல் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இரண்டாவது, வங்காளதேசம். அங்கும் 1971 டிசம்பரில் இந்தியப் படை நுழைந்தது. ஆனால் அதற்கு ஓராண்டுக்கு முன்னரே, பாகிஸ்தானின் பொதுத் தேர்தலில், கிழக்கு வங்கத்தின் 162 தொகுதிகளில் 160-ஐ அவாமி லீகுக்கு அளித்து மக்கள் தீர்ப்புக் கூறிவிட்டனர். அத்தீர்ப்பை இராணுவ ஆட்சி ஏற்காமல் மக்கள்மீதே படையை ஏவியது. ஆகவே இந்தியா அங்கே தீர்ப்பை உண்டாக்கவில்லை. அதனை மறித்து நின்ற தடையை அகற்றிற்று. மூன்றே மாதங்களில், 1972 மார்ச்சில், படை திரும்பியும் விட்டது. அதன் பின்னரும் 1975-இல் அந்நாட்டில் இராணுவப் புரட்சி நிகழ்ந்ததென்றால், பெற்ற ஜனநாயகத்தைக் காக்கும் பொறுப்பைப் பிறர் சுமந்து தர இயலாது என்பதும் விளங்கும்.

"ஜெர்மனியிலும் ஜப்பானிலும் அந்நியப் படை நின்றபோதே மக்களாட்சி வேரூன்றியதே?" என்று அந்த மாணவர் விடாமல் கேட்டார். உண்மைதான். ஆனால் ஜப்பானில் 1890 முதல் நாடாளுமன்றம் உண்டு. 1925-இல் ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. ஜெர்மனியர் ஹிட்லருக்கு முன்பே குடியரசு நடத்தியவர்கள். பழைய வேர் மண்ணுக்குள் இருந்தது. அது மீண்டும் துளிர்த்தது. ஆப்கானிஸ்தானிலோ அந்நியப் படை இருபது ஆண்டுகள் காவல் நின்றது, தேர்தல்களும் நடந்தன. எனினும் அந்தப் படை வெளியேறி முடியுமுன்பே, 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் வீழ்ந்தது.

மார்க்கச் சட்ட வரலாற்றிலும் இதற்கு ஒரு படிப்பினை உண்டு. வற்புறுத்திச் சொல்ல வைத்த தலாக் செல்லாது என்று இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் மதீனாவில் தீர்ப்புரைத்தார்கள். அதற்காகக் கலீஃபா மன்ஸூரின் காலத்தில் கசையடி பெற்றார்கள். ஒரு தலாக் சட்டத்திற்கு அரசு ஏன் அஞ்ச வேண்டும்? வற்புறுத்தி வாங்கிய பைஅத்தும் அவ்வாறே செல்லாது என்று மக்கள் உணர்ந்துவிடுவார்களே என்பதுதான் காரணம். நிர்ப்பந்தம் கெட்ட நோக்கத்தோடு வந்தால்தான் செல்லாது, நல்ல நோக்கத்தோடு வந்தால் செல்லும் என்று இமாம் அவர்கள் பிரித்துரைக்கவில்லை.

அப்படியானால் அண்டை வீட்டார் செய்யத்தக்கது ஒன்றுமில்லையா? உண்டு. 1983 முதல் கடல் கடந்து வந்த அகதிகளுக்குத் தமிழகம் இடமளித்தது, அது கடமை. கொலை நடக்கும்போது தடுப்பதும், கொடுங்கோலனுக்கு ஆயுதம் விற்க மறுப்பதும், உண்மையை உரத்துச் சொல்வதும் கடமையே. உயிரைக் காக்கப் பிறர் கை நீளலாம். ஆனால் தம்மை யார் ஆளவேண்டும் என்ற சொல் அம்மக்களின் நாவிலிருந்தே வரவேண்டும். அதை அவர்களுக்காக வேறொருவர் சொல்லிவிட்டால், சொன்னவர் எத்துணை நல்லவராயினும், அது அவர்கள் சொல் ஆகாது.

இதற்குள் சாட்சிகள் திரும்பி வந்து, மணமகள் சம்மதித்தார் என்று அறிவித்தனர். அதன் பின்னரே குத்பா தொடங்கிற்று. "தம்பி, ஒரு பெண்ணின் ஒரு சொல்லுக்காக இத்தனை பேர் இவ்வளவு நேரம் காத்திருந்தோமே, ஏன்?" என்று நாம் அந்த மாணவரைக் கேட்டோம். அவர் சற்று நேரம் யோசித்தார், பிறகு தலையசைத்தார்.