கடலில் போட்ட கோடு

நெய்தல் திணை நடத்தும்போது அதன் உரிப்பொருள் இரங்கல் என்று கரும்பலகையில் எழுதுவேன். கரையில் நின்று காத்திருக்கும் பெண்ணைத்தான் இத்தனை ஆண்டுகளும் மாணவிகளுக்குக் காட்டி வந்திருக்கிறேன். மண்டபத்தில் நான் சந்தித்த அக்காவுக்குக் கரையில் நிற்க நேரமில்லை. கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்குகிறார். பாறையில் வளரும் மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறித்துப் பைக்குள் சேர்க்கிறார். அகர் தயாரிக்க அது ஆலைக்குப் போகிறது. அவருடைய அம்மாவுக்கும் இதே தொழில்தான்.

1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் தேசியப் பூங்கா ஆயின. அம்மா பறித்த இடத்தில் மகள் அத்துமீறியவள் ஆனாள். "தண்ணிக்குள்ள எங்க கோடு போட்டுருக்காங்கன்னு யாரு கண்டா, டீச்சர்?" என்று கேட்டார் அக்கா.

கோடே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. வெளியிலிருந்து கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி இந்தக் கரையில் வணிகத்துக்காக வளர்க்கப்பட்டது. எங்கே வளர்க்கலாம் என்று 2005இல் தமிழக அரசு எல்லை வகுத்தது. ஆனாலும் குருசடைத் தீவின் பவளப்பாறைகள்மேல் அது படர்ந்திருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பவளத்துக்கு வாயில்லை. அதற்காகச் சட்டம் பேசத்தான் வேண்டும்.

ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு யார் தெரிகிறார்கள்? கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் 2023இல் திருத்தப்பட்டபோது, சிப்பி வளர்ப்பும் முத்துச்சிப்பி வளர்ப்பும் பாசி வளர்ப்பும் அதற்குள் வந்தன. பாக் நீரிணையில் மிதவை கட்டிப் பாசி வளர்க்கும் பெண்களுக்கு இதனால் பயன் இருக்கலாம். மிதவையை எண்ணலாம், கூண்டை அளக்கலாம், பதிவேட்டில் ஏற்றலாம். மூச்சடக்கி இறங்கும் உடலையும் அது கற்ற அறிவையும் பதிவேட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

"மாசம் பன்னெண்டு நாள்தான் இறங்குவோம். அதுக்கு மேல இறங்குனா பாசி வளர வேணாமா?" என்றார் அக்கா. பாசி எடுக்கும் பெண்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட கட்டுப்பாடு அது. அவர்களை ஒன்றுதிரட்டிய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்தது. உலகம் கடலின் காவலர் என்று கொண்டாடியவரின் தோழிகள் உள்ளூரில் வனத்துறைப் படகைக் கண்டு அஞ்ச வேண்டியிருந்தது.

அறம் என்று நாம் எதைச் சொல்கிறோம்? எடுக்க முடிந்தும், வீட்டில் தேவை இருந்தும், நாளைக்கு வேண்டுமே என்று கையை நிறுத்திக்கொள்வதைத்தானே? அதிகாரி நிறுத்தினால் அதற்குப் பாதுகாப்பு என்று பெயர். அதையே ஏழைப் பெண் தானாகச் செய்தால் பிழைப்பு என்கிறோம். அவள் கட்டுப்பாட்டையும் விதி என்று ஏற்றிருந்தால், கோடு போடும் நாளில் அவளுக்கும் ஒரு நாற்காலி போட்டிருப்போம். கோடு வேறு இடத்தில் விழுந்திருக்குமோ என்னவோ. எங்கே விழுந்தது என்று அவளுக்காவது தெரிந்திருக்கும்.

அடுத்த பருவத்தில் நெய்தலை அந்தப் பன்னிரண்டு நாள் கணக்கிலிருந்து தொடங்கப் போகிறேன்.