விரிசலைப் பார்த்தவர் யாரிடம் சொல்ல வேண்டும்?

2021 டிசம்பர் 27 அன்று காலை, சென்னை திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று இடிந்து தரைமட்டமானது. அதில் இருந்தவை 24 வீடுகள். ஒருவர்கூடச் சாகவில்லை. கடவுள் காப்பாற்றினார் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. காப்பாற்றியது அங்கே குடியிருந்தவர்களின் கண். முந்தைய இரவே விரிசல் விடுவதைக் கவனித்தார்கள். காலையில் நிலைமை முற்றியதும் ஒருவரையொருவர் கூப்பிட்டு வெளியே வந்துவிட்டார்கள். பார்த்தார்கள், பார்த்ததை நம்பினார்கள், பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பகுத்தறிவு என்று நான் சொல்வது இதைத்தான்.

அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு, வங்கதேசத் தலைநகர் டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா. 2013 ஏப்ரல் 23 அன்று அந்தக் கட்டடத்தில் விரிசல் கண்டது. பார்க்க வந்த பொறியாளர் ஆபத்து என்றார். கீழ்த்தளங்களில் இருந்த வங்கிக் கிளையும் கடைகளும் மறுநாள் திறக்கவில்லை. மேல் மாடிகளில் இருந்த ஆயத்த ஆடை ஆலைகளில் வேலை செய்தவர்களை மட்டும் வரச் சொன்னார்கள். வராவிட்டால் சம்பளம் போகும் என்று மிரட்டினார்கள். 24 காலை மின்சாரம் நின்றது, ஜெனரேட்டரை ஓடவிட்டார்கள், கட்டடம் அப்படியே உட்கார்ந்தது. 1,134 பேர் செத்தார்கள். விரிசல் விட்ட செய்தி வங்கி ஊழியருக்கும் தெரியும், தையல் வேலை செய்த பெண்ணுக்கும் தெரியும். அதன்படி நடக்கும் உரிமை ஒருவருக்கு இருந்தது, மற்றவருக்கு இல்லை.

ஒரு கட்டடத்தின் நிலை குறித்த உண்மை யாருக்குச் சொந்தம்? பணம் கொடுத்து ஆய்வு செய்யச் சொன்னவருக்கு என்பது நம் நடைமுறை. நான் அதை மறுக்கிறேன். அந்தத் தளத்துக்குக் கீழே யார் தூங்குகிறார்களோ, யார் உட்கார்ந்து படிக்கிறார்களோ, அவர்களுக்கே முதல் உரிமை. அவர்களிடம் மறைத்துவிட்டு உரிமையாளரிடம் மட்டும் கொடுக்கும் அறிக்கை எவ்வளவு திறமையாக எழுதப்பட்டிருந்தாலும் அறம் கெட்டது.

ஒழுங்காகக் கட்டடம் பார்ப்பது எப்படி என்று நம்மில் பலர் நேரில் கண்டதில்லை. பொறியாளர் மொட்டை மாடியில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்ப்பார். பிறகு குளியலறைக்கு அடியிலுள்ள தளத்துக்கு வருவார், ஓதம் அங்கேதான் ஊறும். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார். கெட்டியான கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும். உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பிய இடத்தில் சத்தம் பொத்தென்று விழும். சந்தேகப்பட்ட இடத்தைக் கொத்தி, புதிதாக உடைந்த முகத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளிப்பார். காரத்தன்மை இருக்கும் பகுதி பளிச்சென்று இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத பகுதியில் கரியமில வாயு புகுந்து காரத்தைத் தின்றுவிட்டது என்று அர்த்தம். அந்த ஆழம் கம்பி வரை போய்விட்டால் கம்பிக்கு இருந்த காவல் போயிற்று. பிறகு ஈரமும் காற்றும் சேர்ந்து துருவை வளர்க்கும். துரு, இரும்பு இருந்த இடத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் கேட்கும். கிடைக்காதபோது கான்கிரீட்டைப் பிளக்கும். கடலோரத்து உப்புக்காற்றும், கட்டும்போது கலந்த உப்புப் போர் தண்ணீரும் சேர்ந்தால் வேலை இன்னும் சீக்கிரம் நடக்கும்.

பீமின் அடியில் கம்பியின் போக்கிலேயே நீளமாக ஓடும் விரிசல் பெரும்பாலும் இந்தக் கதையைத்தான் சொல்கிறது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல் அஸ்திவாரம் இறங்குவதைக் காட்டலாம். பில்லரும் செங்கல் சுவரும் சேருமிடத்தில் செங்குத்தாக ஓடும் மெல்லிய கோட்டுக்குப் பொதுவாகப் பயப்பட வேண்டியதில்லை. விரிசல் வளர்கிறதா என்று அறிய அதன் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டைப் பதித்துத் தேதி எழுதிவைப்பார்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது. மீயொலி அலை கான்கிரீட்டுக்குள் விநாடிக்கு 4.5 கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் மிக நன்று, 3 கிலோமீட்டருக்குக் கீழே போனால் சந்தேகம் என்று இந்தியத் தரநிலை 1992-லேயே வகுத்துக் கொடுத்திருக்கிறது. இதில் எதுவும் ரகசிய வித்தை அல்ல. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு விளக்கினாலும் புரியும்.

இவ்வளவு தெளிவாக அறியக்கூடியதை நாம் என்ன செய்துவைத்திருக்கிறோம்? தமிழ்நாட்டில் பொதுக் கட்டடங்களுக்கான உரிமச் சட்டம் 1965 முதல் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குக் கட்டட உறுதிச் சான்று வேண்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் 94 குழந்தைகள் தீயில் கருகிய பிறகு இந்தச் சான்றுகளின் பெயரைப் பெற்றோரும் கேள்விப்பட்டார்கள். சான்று கேட்பது சரிதான். ஆனால் கட்டடத்தை மிதிக்காமலே கையெழுத்துப் போடும் பொறியாளர்கள் இருக்கிறார்கள், அது தெரிந்தே வாங்கும் நிர்வாகங்கள் இருக்கின்றன. போன தடவைச் சான்றில் தேதியை மாற்றி முத்திரை குத்தினால் வேலை முடிந்தது. பார்க்காமல் எழுதிய அந்தத் தாள் ஒரு தாயத்து. கையில் கட்டிய தாயத்து கட்டியவரோடு போகிறது. இந்தத் தாயத்தை நம்பி ஊர்ப் பிள்ளைகளை உட்கார வைக்கிறோம். மூடநம்பிக்கையை எதிர்த்து மேடையில் பேசுகிற என் தோழர்களைக் கேட்கிறேன்: உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியின் உறுதிச் சான்றில் கையெழுத்திட்டவர் எந்த நாளில் வந்தார், எதைத் தட்டிப் பார்த்தார் என்று ஒருமுறையாவது கேட்டிருக்கிறீர்களா?

வீட்டுக்குள்ளும் இதே நிலைதான். வாஸ்து பார்ப்பவர் சொன்னார் என்று பாரம் தாங்கும் சுவரை உடைத்து வாசலை மாற்றுகிறோம். அந்தச் சுவர் என்ன தாங்குகிறது என்று ஒரு பொறியாளரைக் கேட்கத் தோன்றுவதில்லை. குடியிருந்தவர் காலி செய்ததும் தளத்தில் கம்பி தெரிந்த இடத்தைப் பூசி, பெயிண்ட் அடித்து, அடுத்த குடும்பத்துக்குக் காட்டுகிறோம். அது பொய். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஒரு குழந்தையின் தலைக்கு மேல் தொங்கவிடும் பொய். திருட்டுக்குக் கூசுகிற நல்ல மனிதர்கள் இதைக் கூசாமல் செய்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

உண்மையைச் சொன்னால் மக்கள் பீதியடைவார்கள் என்று அதிகாரிகள் சொல்வதுண்டு. திருவொற்றியூர் மக்கள் படியிறங்கினார்கள், பிழைத்தார்கள். பீதி என்ற சாக்கு பெரும்பாலும் செலவைத் தள்ளிப்போடத்தான் பயன்படுகிறது.

சொல்வதிலும் முறை இருக்கிறது. அமெரிக்காவில் மயாமிக்கு அருகே சர்ஃப்சைடில் 2021 ஜூன் 24 நள்ளிரவுக்குப் பின் 12 மாடிக் குடியிருப்பின் ஒரு பகுதி இடிந்து 98 பேர் இறந்தார்கள். 2018-லேயே பொறியாளர் அறிக்கை கொடுத்திருந்தார். நீச்சல்குளத் தளத்துக்கு அடியில் நீர்க்காப்பு கெட்டுவிட்டது, கான்கிரீட்டில் பெரும் சேதம் இருக்கிறது, விட்டால் வேகமாகப் பெருகும் என்றெல்லாம் அதில் இருந்தது. கட்டடம் விழக்கூடும் என்று ஒரு வரி இல்லை. அடுத்த மாதமே உள்ளூர்க் கட்டட அதிகாரி குடியிருப்போர் கூட்டத்தில் கட்டடம் நல்ல நிலையில் இருப்பதாகச் சொன்னது குறிப்பேட்டில் பதிவானது. பிறகு யார் எவ்வளவு பணம் போடுவது என்ற பேச்சிலேயே ஆண்டுகள் ஓடின. அங்கே குடியிருந்தவர்களே உரிமையாளர்கள், அறிக்கை அவர்கள் சங்கத்தின் கையில்தான் இருந்தது. ஆகவே தாளைக் கொடுத்தால் மட்டும் போதாது. எந்தப் பகுதியைப் பார்த்தேன், எதைப் பார்க்க முடியவில்லை, எத்தனை நாளுக்குள் எங்கே முட்டுக் கொடுக்க வேண்டும், யார் வெளியேற வேண்டும் என்று எழுத வேண்டும். பூட்டிய அறையைப் பார்க்காமல் ‘நன்று’ என்று எழுதுவது பொய்ச்சாட்சி.

பார்க்கவே மறந்துவிடும் இடங்கள் வேறு. 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் சுற்றுச்சுவர் விழுந்து பக்கத்துத் தலித் குடியிருப்பில் 17 பேர் செத்தார்கள். அந்தச் சுவரைப் பற்றி முன்பே முறையிட்டோம் என்று மக்கள் சொன்னார்கள். அதைத் தீண்டாமைச் சுவர் என்றும் சொன்னார்கள். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். பங்களாவின் பில்லருக்குச் சோதனை உண்டு, சேரியின் பக்கம் சாயும் சுவருக்குக் கிடையாது. மழை கொன்றது, விதி கொன்றது என்று பேசுகிறவர்கள் சுவரின் சொந்தக்காரரைத் தப்பவிடுகிறார்கள்.

ஒரு எதிர்வாதத்தை மதித்தே பேச வேண்டும். ‘பழுதடைந்த கட்டடம்’ என்ற முத்திரை ஏழைகளை ஊருக்கு வெளியே துரத்துவதற்கும் வழியாகலாம். சென்னையின் விளிம்பிலுள்ள மறுகுடியமர்வுப் பகுதிகளான கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்கள் வேலையையும் பள்ளியையும் விட்டுப் போனதைப் பார்த்த மக்கள், அளவெடுக்க வரும் அதிகாரியைச் சந்தேகிப்பதில் நியாயம் இருக்கிறது. அந்தச் சந்தேகத்துக்கு மருந்து, அறிக்கையை இன்னும் அதிகமாகத் திறந்து வைப்பதே. எந்த பில்லரில் என்ன அளவு வந்தது என்று தமிழில் எழுதி மாடிப்படிக்குக் கீழே ஒட்டுங்கள். வேறொரு பொறியாளரைக் கூட்டிவந்து சரிபார்க்க மக்களுக்கு வழி விடுங்கள். அதே இடத்தில் திரும்பக் கட்டித் தருவோம் என்றால் எந்தத் தேதிக்குள் என்று அதே தாளில் எழுதுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் 7(1) பிரிவு, ஒருவரின் உயிர் தொடர்பான தகவலை 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது. அரசுப் பள்ளியிலோ வாரியக் குடியிருப்பிலோ தளம் உதிர்கிறது என்றால், கட்டடத்தைக் கடைசியாக ஆய்வு செய்த நாள், ஆய்வு செய்தவரின் பதவி, சோதனை அளவுகள், மேல்நடவடிக்கை ஆகியவற்றைக் கேட்டு, உயிர் தொடர்பான கோரிக்கை என்பதை மேலேயே குறிப்பிட்டு எழுதுங்கள். உதிர்ந்த துண்டின் படத்தையும் கூடவே இணையுங்கள்.