கேட்காததையும் சொல்ல வேண்டுமா?



அடியேன் ஆலிம் அல்லன். பள்ளிவாசல் மதரஸாவில் ஓதியதும் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்ததும்தான் என் கல்வி. மீதியைப் பினாங்கில் என் அத்தா விட்டுச் சென்ற மளிகைக் கடையே கற்றுக் கொடுத்தது. ஆகவே இக்கட்டுரையில் மார்க்கத் தீர்ப்பு எதையும் நான் சொல்ல வரவில்லை. அத்தகைய ஐயங்களுக்கு ஆலிம்கள் இருக்கிறார்கள். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவன், கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மற்றவர்களிடம் மனம் விட்டுப் பேசும் பேச்சு என்றே இதைக் கொள்ள வேண்டுகிறேன்.

கேள்வி இதுதான். வாடிக்கையாளரிடம் நாம் பொய் சொல்லவில்லை. நிறையில் குறைக்கவில்லை. ஆனால் சரக்கில் ஒரு குறை இருப்பது நமக்குத் தெரியும். அவர் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. இது மோசடியாகுமா? வாய் திறவாமல் இருந்ததற்கும் கணக்குக் கேட்கப்படுமா?

இந்தக் கேள்வி எனக்கு எந்தக் கிதாபிலிருந்தும் வரவில்லை. சுமார் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நோன்பு மாதத்தில், ஒரு பொட்டலம் பேரீச்சம்பழத்தோடு வந்தது.

முந்தின ஆண்டு நோன்பில் விற்று மிஞ்சிய சில பொட்டலங்கள் கடையின் பின்கட்டில் கிடந்தன. பழையதை முன்னே அடுக்கு, புதியதைப் பின்னே அடுக்கு என்பது மளிகைக்காரர் எல்லாருக்கும் தெரிந்த பழக்கம். அதில் தவறில்லை. அப்படி அடுக்கும்போது ஒரு பொட்டலம் கிழிந்திருந்தது. பிரித்துப் பார்த்தேன். நாலைந்து பழங்களில் பூச்சி. அந்தப் பொட்டலத்தைக் குப்பையில் போட்டேன். மற்றவை நன்றாக இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இருபத்துமூன்று பொட்டலங்களையும் முன் வரிசையில் வைத்துவிட்டேன். அவற்றில் ஒன்றையாவது பிரித்துப் பார்த்தேனா? இல்லை. பிரித்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் விற்க முடியாது. ஆகவே தெரிந்துகொள்ளாமல் இருப்பதே நல்லது என்று நப்ஸு எனக்கு யோசனை சொல்லிற்று.

என் அத்தா காலத்திலிருந்து எங்கள் கடையிலேயே சாமான் வாங்கும் ஒரு பெரியம்மா அவற்றில் ஒன்றை வாங்கிப் போனார்கள். மறுநாள் லுஹருக்குப் பின், கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து வந்தார்கள். முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்த பொட்டலத்தைக் கல்லாவுக்குக் கீழே தள்ளி, பக்கத்தில் நின்றவருக்குக் கேட்காத குரலில், “தம்பி, நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. வேறே யாருக்காச்சும் கொடுக்கிறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்” என்றார்கள்.

நானும், “ஆமாம் பெரியம்மா, கவனிக்கலே” என்றேன்.

புதுப் பொட்டலம் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, என் வியாபாரத்தில் அல்லாஹ் பரக்கத்துச் செய்யட்டும் என்று துஆச் செய்துவிட்டுப் போனார்கள்.

சகோதரர்களே, அவர்கள் என்னை ஏசியிருந்தால் நான் அன்றே மறந்திருப்பேன். என் மானத்தைக் காக்க அவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள். நானோ நோன்பு வாயோடு பொய் சொன்னேன். பொய்யையும் பொய்யான நடத்தையையும் விடாதவன் உணவையும் நீரையும் விட்டிருப்பதில் அல்லாஹ்வுக்குத் தேவை ஏதுமில்லை என்ற கருத்துள்ள ஹதீதை நான் சிறு வயதிலேயே ஓதியவன். முதல் நாள் வாய் மூடியிருந்தேன். மறுநாள் அதே மௌனம் பொய்யாகப் பேசிற்று. மறைத்தவனிடம் யாராவது ஒரு நாள் கேட்கத்தான் செய்வார்கள். அன்று அவனுக்கு இரண்டே வழிதான்: வெட்கப்பட வேண்டும், அல்லது பொய் சொல்ல வேண்டும். நான் எளிய வழியைப் பிடித்துக்கொண்டேன்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனத்துக் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்றபோது நடந்ததை நாம் எல்லாரும் ஜும்ஆ பயானில் கேட்டிருக்கிறோம். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்து, ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான ஹதீது அது. நாயகம் (ஸல்) அவர்கள் குவியலுக்குள் கையை விட்டார்கள். மேலே காய்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாக இருந்தது. இதென்ன என்று கேட்டதற்கு, மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த வியாபாரி பொய் சொல்லவில்லை. கேட்டவுடன் உள்ளதைச் சொல்லிவிட்டார். தானியத்தை நனைத்ததும் அவரல்லர், வானம் நனைத்தது. நாயகம் (ஸல்) அவர்களும் மழைக்கு அவரைப் பொறுப்பாக்கவில்லை. ஈரத்தைக் கீழேயும் காய்ந்ததை மேலேயும் இருக்க விட்டாரே, அதற்குத்தான் பொறுப்பாக்கினார்கள். சரக்குக் கெடுவது நம் குற்றமன்று. அது யார் கடையிலும் நடக்கும். கெட்டது வாங்குபவரின் கண்ணுக்கு எட்டாமல் போவதுதான் நம் குற்றம்.

ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீது இன்னும் தெளிவானது. புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, உள்ளதை விளக்கியும் சொன்னால் அவர்கள் வியாபாரத்தில் பரக்கத்து உண்டாகும். மறைத்துப் பொய் சொன்னால் அந்தப் பரக்கத்து அழிக்கப்படும் என்பது அதன் கருத்து. இங்கே இரண்டு கடமைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. ஒன்று உண்மை பேசுதல். மற்றது விளக்கிச் சொல்லுதல். உண்மை பேசினால் மட்டும் போதுமானால் இரண்டாவதற்கு அங்கே என்ன வேலை? கேட்டதற்குச் சொல்வது உண்மை. கேட்காததையும் சொல்வது விளக்கம். அடியேன் இவ்வாறே விளங்கிக்கொண்டேன்.

ஸஹாபாக்கள் இதை எப்படி விளங்கிக்கொண்டார்கள் என்பதை ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யா உலூமித்தீனில், பொருளீட்டல் பற்றிய பகுதியில் எடுத்துக் காட்டுகிறார்கள். ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒரு பொருளை விற்க நின்றால் அதன் குறைகளை முதலில் காட்டுவார்களாம். இப்படிச் செய்தால் வியாபாரம் நடக்காதே என்று சிலர் கேட்டதற்கு, ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாகத் தாம் நாயகத்திடம் வாக்களித்திருப்பதைச் சொன்னார்களாம்.

வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்கள் செய்தி இன்னும் ஒரு படி மேலானது. ஒருவர் ஒட்டகம் விற்கிறார். அருகில் நின்ற வாஸிலா அவர்கள் கவனிக்கவில்லை. வாங்கியவர் ஓட்டிக்கொண்டு போனபின் அவரைத் துரத்திப் பிடித்து, ஒட்டகத்தின் குளம்பில் ஓட்டை இருப்பதைச் சொன்னார்கள். விலை குறைந்தது, விற்றவர் கோபித்துக்கொண்டார். விற்பவர் குறையை மறைக்கக் கூடாது, அறிந்தவர் எவரும் வாய் மூடியிருக்கவும் கூடாது என்று நாயகத்திடம் கேட்டதாக அவர்கள் பதில் சொன்னார்கள். விற்றவர் மட்டுமல்ல, பக்கத்தில் நின்றவருக்கும் கடமை உண்டு என்றால், கல்லாவில் பணத்தை வாங்கிப் போடும் நமக்கு இல்லாமல் போகுமா?

இனி, கடைக்காரர்களாகிய நாம் சொல்லும் சமாதானங்களைச் சிறிது பார்ப்போம். அவை எல்லாவற்றையும் நானே சொல்லியிருக்கிறேன்.

“வாங்குபவருக்குக் கண் இல்லையா, பார்த்து வாங்கட்டுமே” என்போம். கண்ணுக்குத் தெரியும் குறையைப் பார்த்து ஒப்புக்கொண்டு வாங்கினால் சரிதான். பொட்டலத்துக்குள் இருக்கும் பூச்சியை எந்தக் கண் பார்க்கும்? இன்று கடைகளில் மின்தராசு வந்துவிட்டது. நிறையை வாங்குபவரே எண்ணில் பார்த்துக்கொள்கிறார். ஆனால் தரத்தை நிறுப்பதற்குக் கடைக்காரனின் நாக்கைத் தவிர வேறு தராசு இல்லை.

“மொத்த வியாபாரி என் தலையில் கட்டினான், நான் என்ன செய்வேன்” என்போம். ஃபிக்ஹில் இதற்கு வழி இருக்கிறது. வாங்கிய பொருளில் முன்பே இருந்த குறை பின்னர் தெரியவந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. அந்த உரிமையை மொத்த வியாபாரியிடம் கேட்டுப் பெற வேண்டும். மொத்த வியாபாரியிடம் வாய் திறக்கக் கூச்சப்பட்டு, நஷ்டத்தை ஏழை வாடிக்கையாளர் தலையில் இறக்குவது எந்த நியாயம்?

சிலர் மனத்திலேயே வைத்துக்கொள்ளும் சமாதானம் ஒன்றும் உண்டு. ஜரீர் (ரலி) அவர்கள் வாக்களித்தது முஸ்லிம்களுக்குத்தானே, நம் கடைக்குச் சீனரும் வருகிறார், மற்றவரும் வருகிறார் என்பது அது. திருமறையின் 83ஆம் அத்தியாயம் அளவிலும் நிறையிலும் மோசம் செய்பவருக்குக் கேடு என்று தொடங்கும்போது, மனிதர்களிடம் அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்குபவர்களைச் சொல்கிறது. முஸ்லிம்களிடம் என்று சொல்லவில்லை. ஷுஐப் நபி (அலை) அவர்கள் மத்யன் மக்களுக்குச் சொன்னதும் மனிதர்களின் பொருள்களைக் குறைக்காதீர்கள் என்பதே. வெள்ளிக் காசில் இனம் எழுதியிருக்கவில்லை. அதை வாங்கும் கைக்குள்ள கடமையும் அப்படியே.

“எல்லாவற்றையும் சொன்னால் வியாபாரம் படுத்துவிடும்” என்பது கடைசிச் சமாதானம். எல்லாவற்றையும் சொல்லச் சொல்லவில்லையே! நம் கொள்முதல் விலையையும் ஆதாயத்தையும் வாடிக்கையாளரிடம் ஒப்பிக்க வேண்டிய கடமை இல்லை. இருவரும் மனம் ஒத்த விலையே விலை. ஆனால் கொள்முதல் விலையைச் சொல்லப் புகுந்தால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். “வாங்கின விலைக்கே தருகிறேன்” என்று நாம் சிரித்துக்கொண்டே சொல்வது எத்தனை முறை மெய்யாக இருந்திருக்கிறது என்று அவரவர் நெஞ்சைக் கேட்டுக்கொள்வோமாக. எதைச் சொல்ல வேண்டும், எதை விடலாம் என்பதற்கு இமாம் கஸ்ஸாலி அவர்கள் காட்டும் அளவுகோல் எளியது: நமக்கு ஒருவர் செய்தால் நம் மனம் நோகும் என்றால், அதை நாம் பிறருக்குச் செய்யலாகாது. இதைத் தெரிந்திருந்தால் இந்த விலைக்கு நான் வாங்கியிருப்பேனா? இந்த ஒரு கேள்வி போதும்.

நஷ்டம் வருமா என்றால், வரத்தான் செய்யும். கூஃபாவில் துணி வியாபாரம் செய்த இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கூட்டாளி, குறையுள்ள துணி ஒன்றைக் குறையைச் சொல்ல மறந்து விற்றுவிட்டாராம். வாங்கியவர் இன்னார் என்று தெரியாமற் போகவே, இமாம் அவர்கள் அந்தச் சரக்கின் பணம் முழுவதையும் ஸதக்காவாகக் கொடுத்துவிட்டார்கள் என்று சரிதை நூல்கள் சொல்கின்றன. மறந்ததற்கே அவ்வளவு! நான் மறக்கவில்லை.

அந்த நோன்பில் மூன்று இரவுகள் எனக்குத் தராவீஹில் மனம் நிற்கவில்லை. நாலாம் நாள் காலையில் மிச்சமிருந்த பொட்டலங்களையெல்லாம் பிரித்துப் பார்த்தேன். ஒன்பது பொட்டலங்களில் பூச்சி. அன்று மாலையே பெரியம்மா வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்பே தெரியும் என்றும், கவனிக்கவில்லை என்று சொன்னது பொய் என்றும், என்னை ஹலாலாக்கிவிட வேண்டும் என்றும் சொன்னேன். அடியானுக்குச் செய்த அநீதியை அந்த அடியானிடமே தீர்த்துக்கொள்ள வேண்டும் என்றல்லவா ஓதியிருக்கிறோம்? அவர்கள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி. ஹலாலாக்கிட்டேன், போங்க” என்றார்கள்.

மன்னித்தார்கள், மெய்தான். ஆனால் அதன்பின் கடைக்கு வந்தால் பொட்டலத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பின்பே பையில் போடுவார்கள். என் அத்தாவிடம் முப்பது ஆண்டுகள் எதையும் பிரித்துப் பார்க்காமல் வாங்கியவர்கள்! பரக்கத்து அழிக்கப்படும் என்பதன் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கிற்று. கல்லாவில் பணம் குறையவில்லை. அத்தா சேர்த்து வைத்த ஒன்று என் கையில் குறைந்தது.

அன்று முதல் கடையில் மூன்று பழக்கங்கள் வைத்திருக்கிறேன். நோன்பு மாதத்தில் பேரீச்சம்பழ வகை ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டலத்தைப் பிரித்து, வாங்குபவர் பார்க்கும்படி கல்லாவுக்கு முன் வைக்கிறேன். நசுங்கிய டின்னும், முளைவிட்ட வெங்காயமும், தேதி முடிய இன்னும் சில நாளே இருக்கும் சாமானும் தனிக் கூடையில், குறையும் குறைந்த விலையும் எழுதிய அட்டையோடு இருக்கும். அந்தக் கூடையைத் தேடி வருபவர்களும் உண்டு. சாப்பாட்டுக் கடைக்காரர்கள் வெங்காயத்தை அப்படியே அள்ளிப் போகிறார்கள். மூன்றாவது, கடைப் பையன்களுக்குச் சொல்லியிருப்பது: தெரியாவிட்டால் தெரியாது என்று சொல், தெரிந்துகொள்ள வேண்டியதைப் பாராமல் விடாதே.

இரண்டு நோன்புகள் கழிந்தபின் ஒரு நாள் பெரியம்மா பேரீச்சம்பழம் வாங்கினார்கள். பிரித்து வைத்திருந்ததைப் பார்த்தார்கள், என்னையும் பார்த்தார்கள். தம் பொட்டலத்தைத் தூக்கிப் பாராமலே பையில் போட்டுக்கொண்டு போனார்கள். அன்று எனக்குக் கிடைத்த ஆதாயம் எந்தப் பெருநாள் வியாபாரத்திலும் கிடைத்ததில்லை.

ஆகவே கேட்காததையும் சொல்லுவோம். நாளை மறுமையில் நாம் கேட்கப்படுவோம். அங்கே கல்லாவுக்குப் பின்னால் ஒளிய இடமில்லை. வல்ல நாயன் நம் தராசுகளையும் நாவுகளையும் நேராக்கி, நம் ரிஸ்கில் பரக்கத்துச் செய்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.