தேநீர்க் கணக்கு

டோர்செட் பார்க்கில் எமது வீட்டுக்கு வரும் உறவினர் குடித்த தேநீருக்கு நாம் கணக்கு எழுதினால் அடுத்த முறை அவர் படி ஏறமாட்டார். அப்படியிருக்க, உறவினர் குடித்த தேநீருக்குக் கணக்கு எழுதச் சொன்ன ஒருவரை நாம் ஏன் மதிக்கிறோம்?

2006ஆம் ஆண்டு மே மாதம், இந்தியக் குடியரசுத் தலைவராயிருந்த அப்துல் கலாமின் உற்றார் 52 பேர் இராமேசுவரத்திலிருந்து புதுடில்லிக்கு வந்தனர். முதிய தமையனார் முதல் கைக்குழந்தை வரை வந்து எட்டு நாட்கள் மாளிகையில் தங்கினர். அறை வாடகை, சாப்பாடு, தேநீர் எல்லாம் தனியே கணக்கு வைக்கப்பட்டன. அரச வாகனம் ஒன்றுகூட அவர்களுக்காக ஓடவில்லை. அவர்கள் திரும்பிய பின்னர் கலாம் தமது சொந்தக் கணக்கிலிருந்து 3,52,000 ரூபா செலுத்தினார். இதனை உலகுக்குச் சொன்னவர் அவரது செயலாளர் பி. எம். நாயர்.

அமெரிக்க வெள்ளை மாளிகையிலும் ஜனாதிபதி குடும்பத்தின் சாப்பாட்டுக்கும் பற்பசைக்கும் பட்டியல் வரும். 1981இல் அது வந்தபோது நான்சி ரேகன் அம்மையார் திகைத்துப் போனாராம். ஆனால் அங்கே வழக்கமே பட்டியலை அனுப்புகிறது. டில்லியில் எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். கலாமே கேட்டு வாங்கினார்.

அந்தப் பழக்கம் வீட்டிலிருந்து வந்தது. 1947இல் தந்தையார் இராமேசுவரம் பஞ்சாயத்துத் தலைவரானபோது, யாரோ கொண்டுவந்த பரிசுத் தட்டை வீட்டில் வைக்கவிட்டதற்காகச் சிறுவன் கலாமுக்கு அடி விழுந்தது. தகப்பன் கையால் வாங்கிய முதல் அடி அதுதான் என்று அவரே பல மேடைகளில் சொன்னார்.

கவனியுங்கள், கலாம் உறவினரிடம் காசு கேட்கவில்லை. தம் காசில் விருந்து வைத்தார். ஊரார் பணத்தில் வைத்திருந்தால் அது யாருடைய விருந்து?

இக்கேள்வி எம்மைச் சும்மா விடவில்லை. கணக்காளராக வேலை செய்யும் நாம், கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரம் நானூறு பிரதிகளை மாலை ஆறு மணிக்குப் பின் வேலைத்தலத்து இயந்திரத்தில் எடுத்துவந்தோம், மூன்று வருடங்களாக. கடவுள் காரியந்தானே என்று மனதுக்குச் சமாதானம் சொன்னோம். கடதாசியும் மையும் முதலாளியுடையவை. புண்ணியத்தை மட்டும் எமது பெயரில் வரவு வைத்தோம்.

சென்ற மாதம் ஆயிரத்து இருநூறு பிரதிகளுக்குக் கணக்குப் பார்த்து, ஒரு பிரதிக்கு ஐந்து சதப்படி அறுபது டொலரை உறையில் வைத்து மனேஜரிடம் கொடுத்தோம். அவர் சிரித்துவிட்டு உறையைத் திருப்பித் தந்தார். அது இன்னமும் எமது மேசை லாச்சியில் கிடக்கிறது. எந்தப் பக்கத்தில் பதிவது என்று தெரியவில்லை.