கண்ணோட்டமும் செங்கோன்மையும்: குடும்பத்திற்குள் நிகழும் குழந்தைப் பாலியல் குற்றங்களும் மேல்முறையீட்டு நீதியும் (கொல்கத்தா வழக்குகளை முன்வைத்து)

1. முன்னுரை

திருக்குறளின் பொருட்பாலில் செங்கோன்மை 55-ஆம் அதிகாரமாகவும் கண்ணோட்டம் 58-ஆம் அதிகாரமாகவும் வைக்கப்பட்டுள்ளன. குற்றத்தை ஆராய்ந்து, எவரிடத்தும் கண்ணோட்டம் கொள்ளாது முறை செய்தலே செங்கோன்மை என்று முன்னது கூறுகின்றது. உலக நடையே கண்ணோட்டத்தால்தான் நிலைபெறுகின்றது என்று பின்னது கூறுகின்றது. ஓர் அதிகாரத்தில் விலக்கப்பட்ட பண்பு மூன்று அதிகாரங்களுக்குப் பின்னர் போற்றப்படுவது மேலோட்டமாக நோக்குவார்க்கு முரணாகத் தோன்றும். நீதி வழங்குவோர் எக்காலத்தும் எதிர்கொள்ளும் சிக்கலே இங்குப் பேசப்படுகின்றது என்பது ஆழ்ந்து நோக்குவார்க்குப் புலனாகும்.

இச்சிக்கல் மிகக் கூர்மையாக வெளிப்படும் இடம் குடும்பத்திற்குள் நிகழும் குழந்தைப் பாலியல் குற்றமாகும். குற்றவாளி குழந்தைக்கு உறவினன். அவனைத் தண்டித்தால் குழந்தை சார்ந்திருக்கும் குடும்பமே குலையும். விசாரணை நீதிமன்றம் அளித்த குற்றத்தீர்ப்பை மறு ஆய்வு செய்யும் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்நிலையில் கண்ணோட்டம் கொள்ளலாமா, கொள்ளின் யார்மீது கொள்ள வேண்டும் என்னும் வினாவைக் கொல்கத்தாவோடு தொடர்புடைய இரு வழக்குகளின்வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. மேல்முறையீட்டின் அறவியல் அடிப்படை

ஆராயாது வழங்கிய தீர்ப்பின் கொடுமையைத் தமிழ் இலக்கியம் நன்கறியும். சிலப்பதிகாரத்தில் பாண்டியன் பொற்கொல்லன் சொல்லை நம்பிக் கோவலனைக் கொல்வித்தான். கண்ணகி சிலம்பை உடைத்து உண்மையை நிறுவியபோது தன் பிழையை ஏற்று உயிர் நீத்தான். கண்ணகியின் வழக்குரையை ஒருவகையில் மேல்முறையீடு எனலாம். ஆயின் அது காலங்கடந்து வந்த மேல்முறையீடு. தண்டிக்கப்பட்டவன் உயிரோடு இல்லை. நீதிபதியும் தவறக்கூடும் என்பதை முன்னரே ஏற்றுக்கொண்டு, அத்தவற்றைத் திருத்தும் வழியை அமைப்பதே மேல்முறையீட்டின் அறம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 374-ஆம் பிரிவு தண்டிக்கப்பட்டவர்க்கு அளித்த இவ்வுரிமை, 2024 சூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 415-ஆம் பிரிவாகத் தொடர்கின்றது. குடும்பப் பகையாலோ சொத்துத் தகராற்றாலோ குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்ட பொய்ச் சாட்சியால் ஒருவர் தண்டிக்கப்பட நேரலாம். ஆதலின் இவ்வுரிமையைக் குற்றத்தின் கொடுமையைக் காட்டிக் குறைத்தல் அறமாகாது.

எனினும் மேல்முறையீட்டிற்கு ஓர் இயல்பான குறை உண்டு. விசாரணை நீதிபதி குழந்தையைக் கண்டார்; அதன் தயக்கத்தையும் மௌனத்தையும் அறிந்தார். மேல்முறையீட்டு நீதிபதி காண்பது தாளில் பதிந்த சொற்களை மட்டுமே. காலந்தாழ்த்திய புகார், முன்னுக்குப் பின் வேறுபடும் சிறு செய்திகள் ஆகியன தாளில் பெரும் முரண்களாகத் தோன்றக்கூடும். பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் நம்பத்தக்கதாயின் அதுவொன்றே குற்றத்தீர்ப்புக்குப் போதும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் பஞ்சாப் மாநில வழக்கொன்றில் தெளிவுபடுத்தியது. 2005-இல் இமாச்சலப் பிரதேச வழக்கொன்றில், தன் மகளுக்கே தீங்கிழைத்த தந்தையை உயர் நீதிமன்றம் விடுவித்த தீர்ப்பை அது மாற்றிக் குற்றத்தை உறுதிசெய்தது. விசாரணை நீதிமன்றம் நேரில் கேட்ட குரலைத் தாளின்வழி எளிதில் புறந்தள்ளலாகாது என்பது இவற்றால் பெறப்படும்.

3. குடும்பம் என்னும் இடைச்சுவர்

முறைவேண்டி வருவார்க்கு அரசன் எளிய காட்சியனாக இருத்தல் வேண்டும் என்பது செங்கோன்மை அதிகாரத்தின் மற்றொரு கருத்து. குழந்தையோ தானாக நீதிமன்றத்தை அடைய இயலாது. குடும்பத்தின் வழியாகவே அடைய வேண்டும். குற்றம் அக்குடும்பத்திற்குள்ளேயே நிகழுமாயின் நீதிமன்றத்திற்குச் செல்லும் வழியே அடைபடுகின்றது. ஒன்றிய அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களைச் சார்ந்த 12,447 குழந்தைகள் வினவப்பட்டனர்; 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் தீங்கிற்கு உள்ளானதாகக் கூறினர். தீங்கிழைத்தோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் குழந்தை அறிந்தவராகவோ அதன் நம்பிக்கைக்கு உரியவராகவோ இருந்தனர் என்பது நோக்கத்தக்கது.

2012-ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் (போக்சோ) இவ்வுண்மையைக் கருத்திற் கொண்டது. உறவினர் இழைக்கும் குற்றத்தை அதன் 5-ஆம் பிரிவு கடுமை மிக்க குற்றமாக வகைப்படுத்துகின்றது; 2019-இன் திருத்தம் அதற்குரிய குறைந்த அளவுத் தண்டனையை 20 ஆண்டுகளாக உயர்த்தியது. குழந்தையை மீண்டும் மீண்டும் சாட்சிக்கு அழைத்தலாகாது என்று 33-ஆம் பிரிவும், சாட்சியம் கூறுகையில் குற்றஞ்சாட்டப்பட்டவர் முன் குழந்தையை நிறுத்தலாகாது என்று 36-ஆம் பிரிவும் விதிக்கின்றன. குழந்தை நம்பும் உறவினர் உடனிருக்கவும் சட்டம் இடந்தருகின்றது. ஆனால் அவ்வுறவினரே குற்றவாளியின் வருவாயை நம்பி வாழ்பவராயின் துணை எது, அழுத்தம் எது என்று பிரித்தறிதல் அரிதாகின்றது. பிறழ்சாட்சியாக மாறிய குழந்தையின் சொல் மேல்முறையீட்டில் எடுத்துக் காட்டப்படும்போது அது குழந்தையின் குரலா, குடும்பத்தின் குரலா என்று ஆராய்தலே முதற்கடமையாகின்றது.

4. 1890: மணவாழ்வு என்னும் கவசம்

குடும்பத்தின் குரல் குழந்தையின் குரலை மறைத்தமைக்குக் கொல்கத்தா உயர் நீதிமன்றத்தில் 1890-இல் நடைபெற்ற புல்மோனி தாசி வழக்கு சான்றாகும். இது மேல்முறையீடன்று, நடுவர் குழுவின் முன் நிகழ்ந்த மூல விசாரணை. எனினும் பின்வந்த சட்டங்கள் அனைத்திற்கும் இது தோற்றுவாயாதலின் ஈண்டுச் சுட்டப்படுகின்றது. ஏறத்தாழப் பத்து, பதினோரு வயதுடைய அச்சிறுமி, முப்பது வயதைக் கடந்த கணவன் ஹரிமோகன் மைதியின் உடலுறவால் ஏற்பட்ட காயத்தால் இறந்தாள். 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டம் இசைவு வயதைப் பத்தாக வகுத்திருந்தது. ஆகவே பத்து வயதைக் கடந்த மனைவியிடத்துக் கணவன் செய்தது வன்புணர்ச்சி என்னும் பெயரைப் பெறவில்லை. கவனமின்றிக் கொடுங்காயம் விளைவித்தமைக்காக ஓராண்டுக் கடுங்காவல் மட்டுமே விதிக்கப்பட்டது.

இவ்வழக்கின் விளைவாக 1891 மார்ச்சில் இசைவு வயதைப் பன்னிரண்டாக உயர்த்தும் சட்டம் நிறைவேறியது. அதனை எதிர்த்துக் கொல்கத்தா மைதானத்தில் பெருங்கூட்டம் திரண்டது. 'பங்கபாசி' இதழ் கடுமையாக எழுதியது. மதமும் மரபும் இல்லறமும் அந்நியர் ஆட்சி நுழையலாகாத இடங்கள் என்பது எதிர்ப்பாளர் வாதம். அவ்வாதத்தில் அடிமைப்பட்ட மக்களின் தன்மான உணர்வு இருந்தது உண்மையே. ஆனால் இறந்த சிறுமிக்கு அதில் இடமில்லை. இல்லத்தின் மானம் பேசப்பட்டது. இல்லத்தில் இருந்த குழந்தை பேசப்படவில்லை. மனைவியாயினும் பதினெட்டு வயது நிரம்பாதவளிடத்துக் கணவன் கொள்ளும் உறவு வன்புணர்ச்சியே என்று உச்ச நீதிமன்றம் கூற 2017 அக்டோபர் வரை காத்திருக்க நேர்ந்தது.

5. 2018 முதல் 2025 வரை: குற்றத்தின்மேல் எழுந்த குடும்பம்

குடும்பத்திற்குள் நிகழும் குற்றம் ஒருவகை. குற்றத்தின்மேல் எழுப்பப்படும் குடும்பம் மற்றொரு வகை. இரண்டாம் வகைக்கு மேற்கு வங்காளத்தில் 2018-இல் தொடங்கிய வழக்கு எடுத்துக்காட்டு. பதினான்கு வயதுச் சிறுமி வீட்டைவிட்டுச் சென்று இருபத்தைந்து வயது ஆடவனுடன் வாழ்ந்தாள், குழந்தையும் பிறந்தது. 2022-இல் சிறப்பு நீதிமன்றம் அவனுக்கு 20 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 2023 அக்டோபர் 18 அன்று மேல்முறையீட்டில் கொல்கத்தா உயர் நீதிமன்றம் அவனை விடுவித்தது. இருவரும் குடும்பமாக வாழ்வதைக் கருதிய அத்தீர்ப்பு, வளரிளம் பருவத்துப் பெண்கள் தம் பாலுணர்வைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றும் அறிவுரை கூறியது; ஆண்களுக்கும் கடமைகளை வகுத்தது.

உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து இத்தீர்ப்பை ஆராய்ந்து, 2024 ஆகஸ்டு 20 அன்று போக்சோ சட்டத்தின்படியான குற்றத்தீர்ப்பை மீட்டளித்தது. பதினான்கு வயதுச் சிறுமியிடத்து நிகழ்ந்ததைச் சுரண்டலற்ற உறவு என்று பெயரிடலாகாது என்பது அதன் கருத்து. அச்சிறுமிக்கு உரிய பாதுகாப்பை அரசு அளிக்கத் தவறியதையும் அது சுட்டியது. அவள் தன் நிலையை அறிந்து முடிவெடுக்க உதவுமாறு வல்லுநர் குழு அமைக்கப்பட்டது. 2025 மே 23 அன்று, அரசியலமைப்பின் 142-ஆம் உறுப்பின்கீழ், குற்றவாளிக்குத் தண்டனை விதிப்பதில்லை என்று நீதிமன்றம் முடிவுசெய்தது. நிகழ்ந்ததை அவள் குற்றமாகக் கருதவில்லை. பெற்ற குடும்பம் அவளைக் கைவிட்டது. சட்ட அமைப்பும் அவளைக் காக்கவில்லை. அவனைக் காக்கும் பொருட்டு நடத்திய போராட்டமே அவளுக்குப் பெருந்துயராயிற்று என்பன காரணங்கள். அவளுடைய கல்விக்கும் வாழ்வுக்கும் குழந்தையின் கல்விக்கும் மாநில அரசைப் பொறுப்பாக்கிய நீதிமன்றம், இத்தீர்ப்பை முன்மாதிரியாகக் கொள்ளலாகாது என்றும் கூறியது.

6. தீர்ப்பும் தண்டனையும்

2023-இன் தீர்ப்பும் 2025-இன் தீர்ப்பும் விளைவில் ஒத்தவை. இரண்டினாலும் அம்மனிதன் சிறையை விட்டு நீங்குகின்றான். அறவியலிலோ அவை வேறானவை. முன்னது குற்றம் நிகழ்ந்ததையே அழித்தது. பாதிக்கப்பட்டவளுக்கு அறிவுரை வழங்கியது. பின்னது குற்றத்தைக் குற்றமென்று பதிவுசெய்து, தண்டனையால் அவளே மீண்டும் தண்டிக்கப்படலாகாது என்று கருதியது. செய்யும் கடமை சிதையாதவாறு கண்ணோட்டம் கொள்ள வல்லவர்க்கே உலகம் உரியது என்று வள்ளுவர் வகுத்த வரம்பு இங்கு நினைக்கத்தக்கது. செங்கோன்மையில் விலக்கப்பட்டது உண்மையைக் காணும்போது குறுக்கிடும் கண்ணோட்டம். 58-ஆம் அதிகாரத்தில் போற்றப்பட்டது உண்மையைக் கண்டபின் எழும் கண்ணோட்டம். முரண் எனத் தோன்றியது வரிசைமுறையே என்பது தெளிவாகின்றது.

ஆயினும் ஒரு தடை எழும். அவளுடைய சார்புநிலை அக்குற்றத்தின் விளைவன்றோ? குற்றம் விளைத்த சார்பே குற்றவாளிக்குக் கேடயமாகுமாயின், இன்னும் அழுத்தமாகச் சார்புநிலையை உண்டாக்குபவனே எளிதில் தப்புவான். தன் மகளுக்குத் தீங்கிழைத்த தந்தை, தன் வருவாயின்றிக் குடும்பம் பட்டினியால் வாடும் என்று மேல்முறையீட்டில் வாதிடுவதும் இதனோடு ஒப்பதே. தடை வலிமையுடையது. அதற்குரிய விடை, பட்டினியைத் தீர்க்கும் கடமை அரசினுடையது என்பதேயாகும். 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் இழப்பீட்டிற்கும் உணவு முதலிய உடனடித் தேவைகளுக்கும் வழிவகுத்துள்ளன. அவை உரிய காலத்தில் கிட்டுமாயின் தாயும் குழந்தையும் குற்றவாளிக்காக மன்றாட நேராது. அரசு தன் கடமையில் தவறிய இடத்திலேயே நீதிமன்றத்தின் கண்ணோட்டம் குற்றவாளிமீது சாய நேர்கின்றது.

7. முடிவுரை

தண்டிக்கப்பட்டவரின் மேல்முறையீட்டுரிமை குறைக்கத்தக்கதன்று. ஆனால் தாளில் காணும் முரணைக் கொண்டு குழந்தையின் குரலை மறுத்தலும் தகாது. குடும்பத்தின் குரலைக் குழந்தையின் குரலாகக் கொள்ளுதல் 1890 முதல் தொடரும் பிழை. கண்ணோட்டம் குற்றத்தின் பெயரை மாற்றலாகாது. தண்டனையைத் தொடுமாயின் அது குழந்தையின் பொருட்டே தொடல் வேண்டும். அதன் சுமையைக் குழந்தையன்றி அரசே ஏற்றல் வேண்டும். புல்மோனிக்கு நிகழ்ந்ததை அதற்குரிய பெயரால் அன்றைய சட்டம் சுட்டவில்லை. 2024-இன் தீர்ப்பு மற்றொரு சிறுமிக்கு நிகழ்ந்ததற்கு அப்பெயரை மீட்டுத் தந்தது. ஆயினும் அதற்குள் அவள் தாயாகியிருந்தாள். நீதி காலங்கடந்தே அவளை அடைந்தது.