தாலி என்னும் தீர்ப்பு

திரைப்படங்களைப் பற்றி நம் கத்தோலிக்க இல்லங்களில் பேச்செழும்போது, குறை பெரும்பாலும் ஆடையைப் பற்றியதாகவே இருக்கும். பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்க முடிகிறதா என்பதே நம் அளவுகோல். அவ்வளவுகோலின்படி, 1994 தீபாவளிக்கு வெளிவந்த 'நாட்டாமை' ஒரு நல்ல குடும்பப் படம். வில்லியனூரிலும் பாகூரிலும் பாட்டியும் பேத்தியும் கூச்சமின்றிச் சேர்ந்து பார்க்கலாம். அதில் ஊர்ப்பெரியவர் ஒரு தீர்ப்பு வழங்குகிறார்: பெண்ணைக் கெடுத்தவனே அவளுக்குத் தாலி கட்ட வேண்டும். உறவினன் என்றும் பாராமல் நீதி சொன்னாரே என்று நாம் நெகிழ்கிறோம். தீர்ப்பின் பெருமையெல்லாம் தீர்ப்பளித்தவருக்கே சேர்கிறது. தன்னை வதைத்தவனோடு ஒரே கூரையின்கீழ் அவள் எப்படி வாழ்வாள் என்பதில் கதைக்கு அக்கறையில்லை.

பார்த்திபனின் 'புதிய பாதை' (1989) இன்னும் ஒரு படி மேலே சென்றது. தன்னைக் கெடுத்த ரவுடியைத் தேடி வந்து மணந்து, அவனைத் திருத்துகிறாள் நாயகி. சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. மனந்திரும்புதலைப் போற்றும் நமக்கு இக்கதை இனிக்கவே செய்யும். ஆனால் அவன் திருந்துவதற்கு அவள் வாழ்க்கையைக் கருவியாக்க யாருக்கு உரிமை உண்டு?

திரையில் இச்சை தோன்றுவதே பாவம் என்று நான் கருதவில்லை. 1977இல் பீம்சிங் இயக்கத்தில் வந்த 'சில நேரங்களில் சில மனிதர்கள்' படத்தை எண்ணிப் பாருங்கள். மழையில் நின்ற கல்லூரி மாணவி கங்கா, முன்பின் அறியாதவனின் காரில் ஏறுகிறாள். நடந்ததை அறிந்த அண்ணன் அவளை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். அடைக்கலம் தந்து படிக்கவைக்கும் மாமாவோ, ஒழுக்கத்தைப் போதித்துக்கொண்டே அவள்மீது கண் வைக்கிறார். கெடுத்தவனைத் தேடிப் பிடிக்க முடியுமா என்று ஏளனமும் செய்கிறார். காரில் வந்த அந்நியனைவிட இந்த மாமாவையே நான் அதிகம் அஞ்சுகிறேன். சோறு போடுகிறவர், கல்லூரிக் கட்டணம் கட்டுகிறவர் என்பதால் அவரை மறுத்துப் பேச அவளுக்கு இடமில்லை. அதிகாரம் இச்சைக்கு எப்படிப் போர்வையாகிறது என்பதை ஜெயகாந்தனின் அக்கதை ஒளிக்கவில்லை. பிள்ளைகள் பார்க்கலாகாது என்று நாம் ஒதுக்கக்கூடிய படம் அதுதான்!

திரைக்கதைதானே என்று தள்ளிவிடவும் இயலாது. பாகூர்க் கொம்யூன் எல்லையைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். அம்மாவட்டத்து வழக்கொன்றில், பாலியல் வன்முறைக்காகத் தண்டனை பெற்றவர் பாதிக்கப்பட்ட பெண்ணுடன் சமரசம் பேச வழிசெய்து, 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. பஞ்சாயத்துத் திண்ணையின் குரல் உயர் நீதிமன்றத்திலும் ஒலித்ததை என்னென்பது? இத்தகைய குற்றங்களில் சமரசத்திற்கு இடமே இல்லையென, வேறொரு வழக்கில் ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் கண்டிப்புடன் கூறியது. அதே மாதத்தில் சென்னை ஆணையும் திரும்பப் பெறப்பட்டது.

இதில் நமக்கென்று பழைய படிப்பினை ஒன்றும் உண்டு. கெடுத்தவனே மணக்க வேண்டும் என்ற விதி இணைச் சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது. திருச்சபை அங்கே நின்றுவிடவில்லை. மண ஒப்புதலை மனிதரில் எவரும் மணமக்களுக்குப் பதிலாக வழங்க இயலாது என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு (எண் 1057). வன்முறையாலோ கடும் அச்சத்தாலோ நிகழ்ந்த மணம் செல்லாது (எண் 1103). மணக்கும் நோக்கோடு கடத்தப்பட்ட பெண், கடத்தியவனிடமிருந்து பிரிக்கப்பட்டு, பாதுகாப்பும் விடுதலையும் உள்ள இடத்தில் தானாக விரும்பினாலன்றி அவ்விருவருக்கும் மணமே கூடாது (எண் 1089). அவள் எங்கே நின்று சம்மதம் சொல்கிறாள் என்பதைக்கூடக் கேட்கிறது சட்டம். ஆலமரத்தடியில், ஊரார் சூழ, அப்பன் தலைகுனிந்து நிற்க அவள் சொல்லும் 'சரி'யை ஏற்க மறுக்கிறது.

கடலூர் வழக்கின் பெண் இச்சட்டங்களைப் படித்திருக்கமாட்டார். சமரசப் பேச்சுக்குத் தமக்கு விருப்பமில்லை என்று அவர் சொல்லிவிட்டார்.